கடல்வழிச் சரக்கு – 17: காகிதத்தில் வந்த சீமாட்டி

சென்ற வாரம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1635இல் சீனக் குயவர்களுக்காகத் தைவானுக்கு அனுப்பிய மர மாதிரிகளோடு நிறுத்தியிருந்தோம். கிண்ணம் இப்படி இருக்க வேண்டும், மெழுகுவத்தித் தண்டு இப்படி இருக்க வேண்டும் என்று கடைசல் பிடித்து, மேலே சித்திரமும் தீட்டி அனுப்பினார்கள். குயவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம், அளவெடுக்கலாம், உள்ளே விரல் விட்டு ஆழம் பார்க்கலாம். பாத்திரத்துக்கு அந்த ஏற்பாடு போதும். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பியருக்கு இன்னொரு ஆசை வந்துவிட்டது. தங்களையே பீங்கானில் பார்க்க வேண்டும். முக்கோணத் தொப்பி வைத்த கனவான், பாவாடை விரித்த சீமாட்டி, கைகோத்து ஆடும் ஜோடி, அவர்கள் வீட்டு நாய். ஆளை மரத்தில் கடைந்து அனுப்ப முடியாது. போனதெல்லாம் பெரும்பாலும் அச்சடித்த படங்கள்.

இந்தப் பொம்மைகள் கம்பெனிகளின் பெருங்கணக்கில் அதிகம் தென்படாது. கம்பெனிக்கு வேண்டியது தேயிலையும் பட்டும். பீங்கான் கனமான சரக்கு, தண்ணீர் பட்டாலும் கெடாது என்பதால் அதைக் கப்பலின் அடித்தட்டில் பரப்பி, அதன்மேல் தேயிலைப் பெட்டிகளை ஏற்றுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் தட்டும் கிண்ணமும்தான் அதற்குத் தோது. கையை நீட்டிக்கொண்டு நிற்கும் பொம்மை இடத்தை அடைக்கும், வழியில் விரல் உடையும். ஆகவே இவற்றைப் பெரும்பாலும் வாங்கிப் போனவர்கள் கப்பல் தலைவர்களும், சரக்குக்குப் பொறுப்பான சூப்பர்கார்கோக்களும். சம்பளம் போக, கப்பலில் இவ்வளவு இடம் உனக்கு என்று கம்பெனி அவர்களுக்கு ஒதுக்கித் தரும். அதில் ஏற்றும் சரக்கின் லாபம் அவர்களுக்கே. லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ யார் வீட்டுக் கணப்பு மாடத்தின் மேல் எது நன்றாக விலைபோகும் என்று இந்த ஆட்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கம்பெனி இயக்குநர்களுக்குத் தெரியாது.

இந்த வேலையில் முந்திக்கொண்டது ஃபூஜியன் மாகாணத்துத் தெஹுவா. அங்கே கிடைக்கும் மண்ணில் இரும்பு மிகக் குறைவு. சுட்டெடுத்தால் பால்போல வெளுத்து வரும், மேலே வண்ணமே வேண்டாம். குவான்யின் தேவியையும் தொந்தி பெருத்த புடாயையும் தலைமுறை தலைமுறையாகச் செய்து கைபழகிய ஊர் அது. அருகிலேயே அமோய் துறைமுகம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கப்பல்கள் அங்கே வந்து போய்க்கொண்டிருந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் நடந்த ஏலங்களின் பட்டியலைப் பார்த்தால், கையில் குழந்தையோடு இருக்கும் குவான்யின் அங்கே ‘சாங்தா மரியா’ ஆகிவிடுகிறாள். அதே பட்டியல்களில் ‘டச்சுக் குடும்பம்’ என்ற சரக்கும் வருகிறது.

டச்சுக் குடும்பம் ஒரு சாண் உயரம்கூட வராது. நடுவில் சிறு மேசை, இரண்டு பக்கமும் கணவனும் மனைவியும். கணவர் தலையில் தொப்பி, அவர்களை ஒட்டிப் பிள்ளைகள். சிலவற்றில் முன்னால் நாயும் குரங்கும் உட்கார்ந்திருக்கின்றன. உடை ஐரோப்பிய உடைதான், பொத்தான் வரிசையைக்கூட விடவில்லை. முகத்தைப் பாருங்கள்: பாதி மூடிய நீண்ட கண், சிறிய வாய், உருண்ட கன்னம். குவான்யினுக்கு வைக்கும் முகத்தையே டச்சுக்காரனுக்கும் வைத்திருக்கிறார்கள். இதே தெஹுவாவில் செய்த இன்னொரு பொம்மையில் ஐரோப்பியர் ஒருவர் சீனக் கதைகளில் அமரர்கள் ஏறிவரும் விலங்கின் மேல் சவாரி செய்கிறார். வாங்கியவர்கள் இதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார்களா, மரியாதையாக எடுத்துக்கொண்டார்களா என்பது ஒருபுறம் இருக்க, நன்றாக விற்றது.

பிற்காலத்துச் சேகரிப்பாளர்கள் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயரும் சூட்டினார்கள்: ‘கவர்னர் டஃப் குடும்பம்’. 1729 முதல் 1732 வரை படேவியாவில் டச்சுக் கவர்னர் ஜெனரலாக இருந்து, பின்பு திரும்ப அழைக்கப்பட்ட டீடெரிக் டுர்வென்தான் அந்த டஃப் என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டுர்வென் பதவிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே லண்டன் பட்டியல்களில் டச்சுக் குடும்பம் விற்பனைக்கு வந்துவிட்டது. பொம்மைக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் இருந்தே ஆக வேண்டும் என்ற சேகரிப்பாளர் ஆசையில் பிறந்த பெயர் அது. நிற்கும் ஐரோப்பிய ஜோடிகளைப் பதினான்காம் லூயி என்றும் அவருடைய ஆசைநாயகி என்றும் சொல்லி விற்றதும் இதே ரகம்.

வண்ணப் பொம்மைகளின் ஊர் ஜிங்டெசென். பிரெஞ்சு ஜேசுட் பாதிரியார் தாந்த்ரகோல் அவ்வூர் வேலையைக் கண்டு 1712இலும் 1722இலும் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்கள், சீனப் பீங்கான் செய்முறையை ஐரோப்பாவுக்கு விரிவாகச் சொன்னவை. ஒரு பாண்டம் முடிவதற்குள் எழுபது பேர் கைமாறும் என்கிறார். ஐரோப்பிய வணிகர்கள் கேட்கும் புதுமாதிரி உருவங்களைப் பற்றி அவர் சொல்வதுதான் நமக்கு முக்கியம். செய்வது கடினம். சிறு குறை இருந்தாலும் வணிகர் வேண்டாமென்று தள்ளிவிடுவார். தள்ளியதை உள்ளூரில் விற்கலாம் என்றால், சீனருக்கு அந்த உருவம் பிடிக்காது. நஷ்டம் குயவர் தலையில். இதனாலேயே விலையும் ஏறியது.

செய்முறை நமக்குப் புதிதல்ல. பண்ருட்டிப் பக்கம் கொலு பொம்மைக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டுவார்களே, அதேதான். தலை, கை இவற்றைத் தனியாக எடுத்து, குழைத்த களிச்சேற்றால் உடம்போடு இணைப்பார்கள். உள்ளே கூடு, காற்று வெளியேற ஒரு துளை. சூளையில் சுமார் 1300 டிகிரி வெப்பத்தில் பீங்கான் மண் ஏறக்குறைய இளகும் நிலைக்கு வந்து, உருவம் முழுவதும் சுருங்கும். அப்போது நீட்டிய கை தொங்கும், கழுத்து சாயும். ஐரோப்பியச் சீமாட்டியின் அகன்ற பாவாடை இந்த விஷயத்தில் குயவருக்குப் பெரிய உதவி: மணிபோல விரிந்த அடிப்பாகம் மேலே உள்ள பாரம் அத்தனையையும் தாங்கிக்கொள்ளும். கனவானோ முழங்கால்வரை கால்சட்டை, கீழே காலுறை போட்ட இரண்டு ஒல்லிக் கால்கள். அவருக்கு முட்டுக் கொடுக்கப் பின்னால் ஒரு பாறையோ அடிமரமோ வேண்டும். நீண்ட அங்கி போர்த்திய சீன ஞானிகளைச் செய்த கைகளுக்கு இந்தக் கால்கள் நிச்சயம் எரிச்சலூட்டியிருக்கும்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். 1703இல் நூரம்பர்க் பதிப்பாளர் கிறிஸ்டோஃப் வைகல் ஒரு படநூல் வெளியிட்டார். பல நாட்டு மக்களும் அவரவர் உடையில் நிற்கும் நூல். படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் காஸ்பர் லாய்கன். அதில் பிராங்க்பர்ட் நகரத்து யூதப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கும் வட்டக் கழுத்துப்பட்டை. தலையில் இரண்டு முனை உள்ள தொப்பி. ஐரோப்பியப் பிரபுக்கள் அந்தக் கழுத்துப்பட்டையைக் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. யூதப் பெண்களிடம் அது தங்கிவிட்டது. இந்தப் படம் எப்படியோ சீனத்துக்குப் போய், 1740 வாக்கில் அவள் சுமார் 42 சென்டிமீட்டர் உயரப் பீங்கானாக எழுந்து நின்றாள். இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள பெரிய அருங்காட்சியகங்களில் அவளைப் பார்க்கலாம்.

படத்தையும் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குயவர் எங்கெங்கே திணறினார் என்பது தெரியும். படத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு, பொம்மைக்கு முதுகும் வேண்டும். பின்னால் அந்த அங்கி எப்படி விழும், தொப்பி எங்கே முடியும், கழுத்துப்பட்டை சுற்றி வருமா, இடையில் நிற்குமா? எதற்கும் காகிதத்தில் விடை இல்லை. அவர் அறிந்த ஆடை எப்படி விழுமோ அப்படி விழவிட்டார். கஞ்சி போட்ட மெல்லிய துணியின் மடிப்பைச் செப்புத்தகட்டுக் கோடுகளை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. அது கழுத்தைச் சுற்றிய கெட்டியான வளையமாகிவிட்டது. அடுத்தது வண்ணம். அச்சுப்படம் கறுப்பு வெள்ளை. குயவருக்கோ அப்போதுதான் ஒரு புது வசதி கிடைத்திருந்தது. பொன்னைக் கரைத்துச் செய்யும் இளஞ்சிவப்பு 1720களில் சீன வண்ணப் பெட்டிக்குள் வந்துவிட்டது. ஆகவே பிராங்க்பர்ட் பெண்ணின் அங்கி முழுக்கப் பூவும் கொடியும், ஓரத்தில் சீனக் கரை வேலைப்பாடும். அவளுடைய ஊர்க்காரர்கள் கனவிலும் உடுத்தியிருக்க மாட்டார்கள்.

இவளை வெகுகாலம் எல்லோரும் டச்சுச் சீமாட்டி என்றே நினைத்திருந்தார்கள். பிராங்க்பர்ட்டில் யூதர்கள் தனித் தெருவில் மதிலுக்குள் அடைபட்டு வாழ்ந்த காலம் அது. அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்ணைத் தங்கள் வரவேற்பறைக்குள் எந்தச் சீமானும் அழைத்திருக்க மாட்டார். பீங்கானாக வந்தபோது தங்க விலை கொடுத்து வாங்கி நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்த ஆள்மாறாட்டம் இதுதான்.

ஏன் படத்தை மட்டும் நம்ப வேண்டும், காண்டனில்தான் ஐரோப்பியர்கள் குவிந்திருந்தார்களே என்று கேட்கலாம். ஆண்கள் குவிந்திருந்தார்கள். காண்டன் ஆற்றங்கரையில் இருந்த வணிகக் கூடங்களில் ஐரோப்பியப் பெண்கள் கால்வைக்கச் சீன அரசு அனுமதிக்கவில்லை. மனைவியை அழைத்து வந்தவர் அவரை மக்காவோவில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். 1757க்குப் பிறகு மேற்கத்தியக் கடல் வணிகம் முழுவதும் காண்டன் ஒன்றோடு கட்டப்பட்டபோது இந்த விதியும் இறுகியது. 1830இல்கூட, ஹாரியட் லோ என்ற அமெரிக்கப் பெண்ணும் அவருடைய உறவுக்காரப் பெண்மணியும் மக்காவோவிலிருந்து காண்டனுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், வணிகத்தை நிறுத்திவிடுவோம் என்று அதிகாரிகள் மிரட்டினார்கள். ஜிங்டெசென் அங்கிருந்து ஆறுகளும் ஒரு மலைக்கணவாயும் தாண்டி உள்நாட்டில் இருக்கும் ஊர். சீமாட்டியின் பாவாடையை அச்சில் அழுத்திய கைகளின் சொந்தக்காரர் அப்படி ஒரு பாவாடையை வாழ்நாளில் கண்டிருக்க வாய்ப்பில்லை.

ஆளை நேரில் பார்த்தால் சீனக் கலைஞரால் என்ன முடியும் என்பதற்குச் சாட்சி நம் சென்னையோடு தொடர்புள்ள ஒருவர். ஜோசப் காலெட், 1717 முதல் 1720 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களுக்காக அவர் அமைத்த குடியிருப்புதான் காலெட் பேட்டை, இன்றைய காலடிப்பேட்டை. கவர்னர் ஆவதற்குச் சற்று முன், 1716இல், அமோய் சின்குவா என்ற சீனக் கலைஞர் காலெட்டை முழு உருவமாக வடித்தார். இரண்டரை அடிக்கும் மேற்பட்ட உயரம், வண்ணம் பூசிய சிலை. பீங்கான் இல்லை, சூளைக்குப் போகாதது. அதனாலேயே நெளிவு, சுருக்கம், சதையின் மடிப்பு எல்லாம் வடித்தபடியே நிலைத்துவிட்டன. காலெட் இதை இங்கிலாந்திலிருந்த தன் மகளுக்கு அனுப்பிவைத்தார். கூடவே எழுதிய கடிதத்தில், முக அமைப்பு சரியாக வந்திருப்பதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், நிறம்தான் அவ்வளவாக ஒட்டவில்லை, உடம்பின் அளவும் உடையும் கச்சிதம் என்று தெரிவித்தார். அந்தச் சிலை இப்போது லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது. அதில் இருப்பது சந்தேகமில்லாமல் ஒரு தனி மனிதர். தெஹுவா முகம் இல்லை.

இந்த வகைக் கலைஞர்களில் ஒருவரான சிட்குவா 1769இல் லண்டனுக்கே கப்பலேறிவிட்டார். மார்பளவு உருவத்துக்கு 10 கினி, முழு உருவத்துக்கு 15 கினி. மறு ஆண்டு ராயல் அகாடமி கண்காட்சியில் அவர் வேலை இடம்பெற்றது. அகாடமி உறுப்பினர்களை ஜொஹான் சொஃபானி குழுவாக வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், பின்வரிசையில் சிட்குவாவின் முகமும் எட்டிப் பார்க்கிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 1734இல் டச்சுக் கம்பெனி, கொர்னேலிஸ் பிராங்க் என்ற ஆம்ஸ்டர்டாம் ஓவியரைப் பீங்கானுக்குச் சித்திரம் வரைந்து தரும் வேலைக்கு அமர்த்தியது. அவர் வரைந்ததில் பெயர்பெற்றது குடைச் சீமாட்டி. சீன உடையில், நீர்ப்பறவைகளுக்கு முன்னால் நிற்கும் பெண், பின்னால் குடை பிடிக்கும் பணிப்பெண். பிராங்க் சீனத்தைப் பார்த்ததில்லை. அவர் கற்பனை செய்த சீனத்துப் பெண்ணைச் சீனத்துச் சித்திரக்காரர்களே தட்டில் எழுதி ஹாலந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். செலவு கட்டுப்படியாகாமல் சில ஆண்டுகளில் கம்பெனி இதைக் கைவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் காகிதத்தின் இடத்துக்கு முப்பரிமாண மாதிரியே வந்தது. ஜெர்மனியின் மைசனில் 1710இல் ஐரோப்பாவின் முதல் உண்மையான பீங்கான் தொழிற்சாலை தொடங்கியது. அதை நிறுவிய சாக்ஸனி ஆட்சியாளர் அகஸ்டஸ், 1717இல் பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 சீனப் பீங்கான்களைப் பெற 600 குதிரை வீரர்களைக் கொடுத்தவர். அவருடைய சேகரிப்பில் தெஹுவா பொம்மைகள் நிறைய இருந்தன. மைசன் தன் தொடக்க காலத்தில் குவான்யினையும் புடாயையும் பார்த்துத்தான் கைபழகியது. பிறகு கெண்ட்லர், எபர்லைன் போன்ற சிற்பிகள் வந்து, பாவாடை சுழல ஆடும் ஜோடிகளையும் காதலர்களையும் வடித்தார்கள். எபர்லைன் 1735 வாக்கில் வடித்ததாகக் கருதப்படும் ‘டைரோல் நடனக்காரர்’ ஜோடியை லண்டனில் செல்சி, போ ஆகிய பீங்கான் ஆலைகள் நகலெடுத்தன. 1750 வாக்கில் சீனத்திலும் அதை நகலெடுத்தார்கள். சீனத்தைப் பார்த்துக் கற்ற மைசனைப் பார்த்துச் சீனம் செய்தது.

மைசனின் பக் நாயும் அப்படியே போனது. ஜெர்மன் பிரபுக்களிடையே 1740 வாக்கில் பக் நாயைச் சின்னமாகக் கொண்ட ரகசியச் சங்கம் ஒன்று பரவி, கெண்ட்லரின் பீங்கான் நாய்களுக்குக் கிராக்கி ஏறியிருந்தது. சீனக் குயவர்கள் அதையும் ஜோடி ஜோடியாகச் செய்தார்கள். அந்த நாய் இனமே பழைய காலத்தில் சீனத்திலிருந்து டச்சுக்காரர் வழியாக ஐரோப்பா போனது என்பதுதான் பொதுவான கருத்து. கூடவே பன்றித் தலை, வாத்து வடிவங்களில் பெரிய சூப்புப் பாத்திரங்கள். ஸ்ட்ராஸ்பர்க் மட்பாண்ட மாதிரிகளைப் பார்த்துச் செய்தவை. விருந்து மேசையில் பன்றியின் மண்டையைத் திறந்தால் உள்ளே குழம்பு.

மாதிரியைக் கையில் வைத்துச் செய்தவை காகிதத்தைப் பார்த்துச் செய்தவற்றைவிடத் திருத்தமானவை. முதுகும் சரியாக இருக்கிறது, பாவாடைச் சுழற்சியும் சரியாக இருக்கிறது. இருந்தும், டைரோல் ஜோடிக்கு முன்னால் நான் அதிக நேரம் நிற்பதில்லை. மைசனில் பார்த்ததை இங்கே மீண்டும் பார்க்கிறோம், அவ்வளவுதான். பிராங்க்பர்ட் பெண்ணிடம் குயவர் தன் மூளையைக் கசக்கியிருக்கிறார்.

பொம்மை வியாபாரம் நலிந்ததற்குக் காரணம் எளிது. ஐரோப்பாவில் பீங்கான் ஆலைகள் பெருகிவிட்டன. ஆங்கிலக் குயவர் வெட்ஜ்வுட்டின் மலிவான வெண்பழுப்பு மட்பாண்டம் நடுத்தர வீடுகளைப் பிடித்துக்கொண்டது. 1791இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குவதையே நிறுத்தியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டச்சுக் கம்பெனியே இல்லாமல் போனது. தனியார் கப்பல்களில் சரக்கு வந்தது, அமெரிக்கக் கப்பல்களும் ஏற்றிப்போயின. ஆனால் பெரிய சீமாட்டிப் பொம்மைகளின் காலம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு அவை பழம்பொருள் ஆயின. விலை ஏறியது. பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் என்ற நிறுவனம் பழைய பீங்கான்களை நகலெடுப்பதையே தொழிலாகக் கொண்டது. மைசனை நகலெடுத்தார்கள், சீன ஏற்றுமதிப் பீங்கானையும் விடவில்லை. ஐரோப்பியப் படத்தைப் பார்த்துச் சீனர் செய்ததைப் பார்த்து ஐரோப்பியர் செய்த பொம்மைகள் இப்படிச் சந்தைக்கு வந்தன. இன்றும் ஏலக் கூடத்தில் சீமாட்டியோ கனவானோ வந்தால், விவரம் தெரிந்தவர்கள் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் கவிழ்த்து, மெருகு படாத அடிப்பாகத்து மண்ணின் நிறத்தைப் பார்க்கிறார்கள்.

(தொடரும்)